சக்கரம் வைத்த வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த நம் பெரியோர்கள், அந்த வீட்டுக்கு நான்கு சக்கரம் வைத்துப் பார் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் காலத்தில் அந்த விபரீத ஆசை யாருக்கும் உண்டாகவில்லை போலும். எனக்கு உண்டாயிற்று.

சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நட்சத்திரங்கள் இளைப்பாறுவதற்காக நிறுத்தி வைத்திருக்கும் 'கேரவன்' வண்டிகளை நேயர்கள் பார்த்திருக்கலாம். குளிர்சாதனமும் சோபாவும் ஆளுயரக் கண்ணாடியுமாக அவை குட்டி அரண்மனைகள். எங்கள் வண்டி அந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல. ஒரு காலத்தில் பன்னிரண்டு பேரைச் சுமந்து திரிந்த சாதாரண வேன். ஆசனங்களைக் கழற்றிவிட்டு மேலும் கீழுமாகப் படுக்கைப் பலகைகள் பொருத்தி, ஓர் அடுப்பு மேடை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு மின்விசிறி, நாலைந்து அலமாரிகள் வைத்துக் கொண்டோம். பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவருக்கு அதற்கு மேல் அரண்மனை கட்டுப்படியாகாது.

2019-ஆம் வருஷம் நான் அதை வாங்கியபோதே அதற்கு ஒன்பது வயது. சொந்த உபயோக வண்டிகளுக்கு முதல் பதிவு 15 வருஷம் செல்லும். அப்புறம் அதிகாரியிடம் கொண்டுபோய் நிறுத்தி, ஓடத் தகுதியுள்ளது என்று காட்டினால்தான் ஐந்தைந்து வருஷமாக நீட்டிப்பார்கள். 2025-ஆம் வருஷம் ஆனி மாதத்தோடு எங்கள் வண்டிக்கு அந்தக் கெடு வந்தது. செய்தி எப்படியோ பழைய இரும்பு வியாபாரி ஒருவருக்கு எட்டி, அவர் வாசலில் வந்து நின்றார். வண்டியைச் சுற்றி வந்து இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, கிலோக் கணக்கில் விலை சொன்னார். என் மகள் சாப்பிடாமல் போய்ப் படுத்துக் கொண்டாள்.

முடிவு சொன்னவள் என் மனைவிதான். "கோடை விடுமுறை இருக்கிறதே, மூன்று நாள் கிளம்பிப் போய் வருவோம். வண்டி நம்மைக் காப்பாற்றினால் நாமும் வண்டியைக் காப்பாற்றலாம். இல்லாவிட்டால் அவரைக் கூப்பிட்டு விடுங்கள்" என்றாள்.

இவ்வாறாக, நாங்கள் இருவரும், பதின்மூன்று வயது மகளும், எழுபத்தைந்து வயதான என் தாயாரும், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் திருச்சியிலிருந்து பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் புறப்பட்டோம்.

கச்சேரியும் கல்மரமும்

பூமியில் நிற்கும் வீட்டுக்கு ஆயுளில் ஒரு பூகம்பம் வந்தாலே அதிசயம். சக்கரத்தின்மேல் நிற்கும் வீட்டுக்கோ புறப்பட்ட நாளெல்லாம் பூகம்பம்தான். பாடாலூர் போய்ச் சேருவதற்குள் வண்டிக்குள் ஒரு கச்சேரியே ஆரம்பமாகிவிட்டது. அலமாரிக் கதவு தாளம் போட, பாத்திரங்கள் ஜாலரா தட்ட, எங்கேயோ ஒரு தகரம் விடாமல் சுருதி சேர்த்துக் கொண்டிருந்தது.

டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தித் திருப்புளியும் கையுமாக உட்கார்ந்தேன். அலமாரிக் கதவின் கீலைப் பிடித்திருந்த திருகாணிகள், மரத்திலுள்ள துவாரம் அகன்று போனதால், எவ்வளவு திருகினாலும் வீணே சுற்றின. அதற்கு ஒரு தச்சரிடம் கற்ற வித்தை உண்டு. இரண்டு தீக்குச்சிகளின் மருந்தை உடைத்தெறிந்துவிட்டு, குச்சியைப் பசையில் தோய்த்துத் துவாரத்தில் சொருகி, மேலே நீட்டிக் கொண்டிருப்பதை நறுக்கிவிட்டுத் திருகாணியை முடுக்கினால் புது மரத்தில் பிடிப்பதுபோல் பிடிக்கும். பாத்திரங்களுக்கு நடுவே பழந்துணி வைத்தேன். தகரத்துக்கு ஒரு ரப்பர்த் துண்டு. ஒரு மணி நேரத்தில் கச்சேரி மங்களம் பாடி முடிந்தது. வண்டி முழுவதையுமே செப்பனிட்டுவிட்டது போன்ற பெருமிதம் எனக்கு. அந்தப் பெருமிதம் எவ்வளவு அசட்டுத்தனமானது என்பது மறுநாள் இரவுதான் தெரிந்தது.

நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் சாத்தனூர். ஓடைப் பள்ளம் ஒன்றில், வேலி போட்ட இடத்தில், 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் கல்லாய்க் கிடக்கிறது. 1940-ஆம் வருஷத்தில் இதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன், பிற்காலத்தில் இந்திய பூகர்ப்ப இலாகாவின் முதல் இந்திய டைரக்டரானவர். சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் கடல் இந்தப் பிரதேசத்தின்மேல் ஏறி வந்து கிடந்தது. அப்போது ஆற்றோடு அடித்து வரப்பட்ட மரம் சேற்றில் புதைந்து, மக்குவதற்கு முன்னால், அதன் அணு ஒவ்வொன்றும் கரைந்த இடத்தில் தண்ணீரில் கலந்திருந்த சிலிகா வந்து உட்கார்ந்திருக்கிறது. பட்டையின் வரிகூட அழியவில்லை.

"அப்படியானால் பழைய மரத்தில் இப்போது ஒன்றுமே மிச்சமில்லையா, அப்பா?" என்று கேட்டாள் மகள்.

"வடிவம் இருக்கிறது."

"நம் வண்டியில் எவ்வளவு மிச்சம்?"

எண்ணிப் பார்த்தேன். பாட்டரி இரண்டு தடவை மாற்றியாயிற்று. ரேடியேட்டர், தண்ணீர் பம்ப், கண்ணாடி, விளக்கு, தரைப் பலகை எல்லாம் மாற்றியவை. நான் சொல்லத் தயங்குவதைக் கண்டு என் தாயார் குறுக்கிட்டாள்: "என் பல் புதுசு, கண்ணாடி புதுசு, முழங்கால்கூட ஆஸ்பத்திரியில் வைத்த புதுசு. அதனால் நான் உன் பாட்டி இல்லாமல் போய்விட்டேனாடி?"

இதற்கு நான் படித்த சர்வகலாசாலையில் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெரம்பலூரில் ஓர் இரவு

திரும்பி நெடுஞ்சாலைக்கு வந்து சிறுவாச்சூரில் மதுரகாளியம்மனைத் தரிசிக்கலாமென்றால், அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பது வழக்கம். மற்ற நாட்களில் அம்மன் மலைக்குப் போய்விடுகிறாளாம். "அம்மனுக்கும் இரண்டு வீடு" என்று வாசலிலேயே கும்பிட்டுவிட்டுப் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தோம்.

மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற கரிசல் பூமிக்கு நடுவே இருக்கும் ஊர் பெரம்பலூர். 1995-இல் திருச்சி ஜில்லாவிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. சென்னை நெடுஞ்சாலை பக்கத்திலேயே போவதால் டயர்க் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் குறைவில்லை. காற்றடிப்பதற்காக ஒரு கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் இளைஞர், அடிக்கும்போதே முன் டயரின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"சார், இதைப் பாருங்கள்."

மயிரிழை போன்ற வெடிப்புகள், வறண்ட ஏரி போல. "பட்டன் நன்றாயிருக்கிறதே!" என்றேன். தரையைப் பிடிக்கும் மேடுகளுக்குப் பட்டறை பாஷையில் பட்டன் என்று பெயர். அவை உண்மையில் பாதிகூடத் தேயவில்லை.

"ஓடித் தேய்ந்திருந்தால் பட்டனில் தெரியும் சார். இது நின்றே கிழமான டயர்" என்று சொல்லி, டயரின் விளிம்பில் பதித்திருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார். 2317. அதாவது 2017-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வருஷத்தில் பத்து மாதம் எங்கள் வாசல் வெயிலில் நின்றே ரப்பர் வறண்டு போயிருக்கிறது. நான் மாதந்தோறும் பட்டனைத்தான் பார்த்தேன். பக்கவாட்டைத் தடவிப் பார்த்ததே இல்லை. முன் டயர் இரண்டையும் மாற்றிக் கொண்டோம்.

அன்றிரவு நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் ஒன்றில், லாரிகளுக்கு நடுவே தங்கினோம். உண்மையில் சக்கரம் வைத்த வீட்டில் குடியிருப்பவர்கள் லாரிக்காரர்கள்தான். பக்கத்து லாரியின் டிரைவர் சோறு பொங்கிப் புளிக்குழம்பு வைத்து எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார். விடியற்காலையில் அவர் செய்த காரியம்தான் என்னை நின்று பார்க்க வைத்தது. சிறு இரும்புக் கம்பியை எடுத்துக் கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டிக் கொண்டு போனார். காற்றுள்ள டயர் ஒரு ஓசை. இறங்கிய டயர் வேறு ஓசை. பின்னால் இரட்டை டயராக இருப்பதால் ஒன்றில் காற்று இறங்கினாலும் மற்றது தாங்கிக் கொண்டு நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. "தட்டிக் கேட்டால்தான் சார் அது உண்மையைச் சொல்லும்" என்றார்.

தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் மனிதர்கள் கெட்டுப் போவார்கள் என்பது தெரியும். டயருக்கும் அதே விதி என்பது புதிய பாடம்.

அரியலூர்த் தூசி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். சாத்தனூர் மரத்தைப் புதைத்த அதே பழைய கடல், இங்கே தன் சிப்பிகளையும் ஓடுகளையும் அடுக்கடுக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதுதான் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை வெட்டி எரித்துத்தான் சிமெண்டு செய்கிறார்கள். நாட்டில் எத்தனையோ பேருடைய அசையாத வீடுகளுக்கு இந்த ஜில்லாவின் கல் போயிருக்கிறது. எங்கள் அசையும் வீட்டுக்கு வந்ததோ தூசி மட்டும்தான்.

சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று முன்னால் போனால் கால் மணி நேரத்துக்கு உலகம் வெள்ளையாகிவிடும். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, தரைப் பலகையின் இடுக்கு எல்லாவற்றிலும் புகுந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினேன். ஒரு கைப்பிடி மாவு கொட்டியது. "இந்தத் தூசிக்குத்தான் அடுப்புக்குக் கீழே இருந்த ஓட்டையில் துணியை அடைத்து வைத்தேன். போன பிரயாணத்தில் கரப்பான்பூச்சி வேறு வந்தது" என்றாள் என் தாயார். நானும் அந்தத் துணியை முன்பே பார்த்தவன்தான். வீட்டுப் பொறுப்புள்ளவள் என்று நினைத்துக் கொண்டேன்.

மாலையில் கோடை மழை பிடித்துக் கொண்டது. அரியலூர் எல்லையில் வரும்போது என் மனைவியின் படுக்கைத் தலைமாட்டில் சொட்டு விழ ஆரம்பித்தது. முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஒழுக்கு. மெத்தையைச் சுருட்டுவதும் பாத்திரம் வைப்பதுமாக ஒரே அமளி. சாலையோரத்தில் ஒரு டிங்கர் பட்டறை தெரிந்தது; வண்டியை உள்ளே விட்டேன். பட்டறைக்காரர் அறுபது வயதுள்ள முஸ்லிம் பெரியவர். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஈரத்தில் எதுவும் ஒட்டாது சார். ராத்திரி இங்கேயே இருங்கள். காலையில் காய்ந்ததும் பார்ப்போம்" என்றார்.

"எங்கே ஓட்டை, பாய்?"

"சொட்டுகிற இடத்தில் இருக்காது. அது மட்டும் நிச்சயம்."

ஒழுக்கு நின்று, தரையைத் துடைத்து, அவசரமாக ரவை உப்புமா கிளறிச் சாப்பிட்டுப் படுக்கும்போது மணி பதினொன்று. மழைச் சாரலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். நானும் மனைவியும் மகளும் பலகைகளில். உயரம் ஏற முடியாத தாயார், வழக்கம்போல் தரையிலிருந்து ஒரு சாண் உயரமுள்ள கட்டிலில், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில்.

இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க இறங்கிய மகள், "அப்பா, என்னவோ நாற்றம்" என்றாள்.

காஸ். மேல் பலகையில் படுத்திருந்த எனக்கு அதுவரை ஒன்றும் தெரியவில்லை. கீழே இறங்கியதும் மூக்கில் ஏறியது. மனைவி விளக்கு விசையை நோக்கிக் கையை நீட்டினாள். "தொடாதே!" என்று நான் போட்ட கூச்சலில் பாயின் நாய் குரைத்தது. இருட்டிலேயே கதவுகளைத் திறந்து, தாயாரைக் கட்டிலோடு சேர்த்துத் தூக்காத குறையாக வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தோம். பிறகு நான் உள்ளே போய்த் தடவி ரெகுலேட்டரை மூடினேன்.

வெளியே ஈர மண்ணில் உட்கார்ந்து என் தாயார் கேட்டாள்: "எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லையேடா?"

வயதானால் மூக்கும் மங்குகிறது. அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக் கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பாய் நடத்திய பாடம்

காலையில் பாய் அடுப்பு மேடையின் கீழே படுத்துக் கொண்டு பார்த்தார். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ஆரஞ்சு ரப்பர்க் குழாய், வளையும் இடத்தில் தகர விளிம்போடு உரசிக் கொண்டிருந்தது. வண்டி ஆடும்போதெல்லாம் ஓர் உரசல். ஆறு வருஷத்தில் எத்தனை லட்சமோ! கொஞ்சம் சோப்பு நுரையைத் தடவினார். உரசிய இடத்தில் ஒரு சிறு குமிழி எழுந்து உடைந்தது, மறுபடி எழுந்தது. "இப்படித்தான் பார்க்க வேண்டும். தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கிற பிரகஸ்பதிகளும் உண்டு" என்றார். அந்தக் குழாயின் ஆயுள் ஐந்து வருஷம். அதன் மேலேயே அச்சடித்திருந்தது. 2024-ஓடு முடிந்துவிட்டது. வழக்கமாகப் படுக்குமுன் ரெகுலேட்டரை மூடுவோம். கூரை ஒழுகின அமளியில் அன்று மறந்துவிட்டோம்.

அப்புறம் அவர் தரையில் அடைத்திருந்த துணியை உருவி எடுத்தார்.

"இதை யார் அடைத்தது?"

என் தாயார் முகம் வெளுத்துவிட்டது. "நான்தான் பார்த்துக் கொண்டு சும்மா இருந்தேன்" என்றேன். அது பொய்யுமல்ல.

சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் புகைபோல் மேலே போகாது. தண்ணீர்போல் கீழே தேங்கும். அது வழிந்து வெளியே போவதற்காகத்தான் வண்டியைக் கட்டியவர்கள் சிலிண்டருக்கு அடியில் துவாரம் விட்டிருக்கிறார்கள். பௌதிக சாஸ்திரத்தில் இதை வருஷந்தோறும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான்! பாய் அந்தத் துவாரத்தைச் சுத்தம் செய்து, பூச்சி வராமலும் காற்று போகும்படியும் கம்பிவலை வைத்தார். புதுக் குழாயை விளிம்பில் உரசாமல் வளைத்துக் கட்டினார்.

கூரைக்கு வந்தோம். மகளைப் பக்கெட்டும் குவளையுமாக ஏணியில் ஏற்றி, கீழ் விளிம்பிலிருந்து தொடங்கிச் சாண் சாணாக மேலே தண்ணீர் ஊற்றச் சொன்னார். நான் உள்ளே பார்த்துக் கொண்டிருந்தேன். சொட்டிய இடத்துக்கு ஐந்தடி முன்னால், காற்றுப்போக்கிச் சட்டத்தின் ஓரத்தில் ஊற்றியபோதுதான் உள்ளே சொட்டு விழுந்தது. தண்ணீர் அங்கே புகுந்து, சட்டத்தின் வழியாக ஓடி வந்து, தலைமாட்டில் விழுந்திருக்கிறது. பழைய பசை இறுகி வெடித்திருந்தது. அதன்மேல் நான் போன வருஷம் பூசிய புதுப் பசை தோலாகக் கையோடு வந்தது. பழையதைச் சுரண்டி எடுக்காமல் பூசினால் ஒட்டாது என்றார். சுரண்டி, துருவைத் தேய்த்து, செங்காவிப் பூச்சு அடித்து, காய்ந்த பிறகு புதுப் பசையிட்டார்.

கணக்குக் கேட்டேன். குழாய், வலை, பசை இவற்றின் விலையோடு ஒரு அற்பத் தொகைதான் கூலி சொன்னார். கிளம்பும்போது, "சத்தம் போடுகிற பழுது நல்ல பழுது சார். தானே கூப்பிட்டுச் சொல்கிறது. சும்மா இருக்கிறதைத்தான் நாம் போய்ப் பார்க்க வேண்டும்" என்றார்.

மருதையாறும் கங்கைகொண்ட சோழபுரமும்

அரியலூரை விட்டுப் போகுமுன் மருதையாற்றங்கரையில் சற்று நின்றோம். வெயில் காலத்து ஆறு, மணலும் முள்ளும்தான். 1956-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி விடியுமுன் இந்த ஆற்றில்தான் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்தது. வெள்ளத்தால் பாலம் நிலைகுலைந்திருந்தது இருட்டில் யாருக்கும் தெரியவில்லை. 140-க்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி, பொறுப்பு தம்முடையது என்று சொல்லிப் பதவியை விட்டு விலகினார். பள்ளிக்கூடத்தில் அந்த ராஜிநாமாவை எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் தூங்கிக் கொண்டிருந்த பிரயாணிகளைப் பற்றி முதலில் நினைத்தேன்.

ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம் சேரும்போது பொழுது சாய்ந்து கொண்டிருந்தது. பதினோராம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழன் எழுப்பிய விமானம், மாலை வெயிலில் பொன்னாக நின்றது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அதை அறிவித்திருக்கிறார்கள். ஆனால் சுற்றியிருந்த பெரிய மதிலின் கற்கள் எங்கே? 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்துக் கொண்டு போய்விட்டார்கள். அதற்கு வெகுநாள் முந்தியே அது கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. பராமரிப்பார் இல்லாத வீடு, வேறு வீட்டுக்கு உதிரிச் சாமானாகிவிடும் போலிருக்கிறது. எங்கள் வாசலில் வந்து நின்ற இரும்பு வியாபாரியின் ஞாபகம் வந்தது.

என் தாயார் பிரகாரத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஊருக்குப் போனதும் வண்டியில் எதை எதைப் பார்க்க வேண்டுமென்று எழுதி மாட்டு. முதல் தேதி வந்தால் நான் வாசித்துச் சொல்கிறேன், நீ பார்" என்றாள்.

அப்படியே எழுதி அடுப்பு மேடைக்கு மேல் மாட்டியிருக்கிறேன். குழாயின் தேதி, சோப்பு நுரை, தரைத் துவாரம், டயரின் பக்கவாட்டு, கூரை ஓரங்கள், பாட்டரி முனையில் பூக்கும் உப்பு. கடைசி வரியைத் தாயாரே எழுதினாள்: "ராத்திரி ரெகுலேட்டர் மூடியாயிற்றா?"

ஆனி மாதம் வண்டியை அதிகாரியிடம் கொண்டுபோய் நிறுத்தினோம். 2030 வரையில் பதிவு கிடைத்தது. மறுநாளே இரும்பு வியாபாரி வந்தார். ஐந்து வருஷம் கழித்து வரச் சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினாள் என் மனைவி. அலமாரிக் கதவு மறுபடி ஆட ஆரம்பித்திருக்கிறது. ஆடட்டும், ஒழிந்தபோது பார்த்துக் கொள்கிறேன்.